மடியில் வைத்த பெயர்

கல்லில் வெட்டியிருந்த பெயர்கள் இறங்கிவந்து பஸ் ஏறின அந்த ஆடி மாதத்து இரண்டாம் சனிக்கிழமையைப் பற்றி இந்தத் தலைநகரத்தில் யாரைக் கேட்டாலும், அன்றைக்கு நாற்பது எக்ஸ் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அதுதான் அவர்களுக்கு அதிசயம். பெயர்கள் ஏறியது அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் பட்டாளத்துக் காலனியைத் தாண்டிவந்து, மலையடிவாரத்தைத் தொட்டு, நடு ரவுண்டானாவைச் சுற்றி, கடற்கரையில் போய் நிற்கும் வண்டி அது. மூன்று இடத்திலும் மூன்று சண்டைகளுக்கான மூன்று நினைவிடங்கள் இருக்கின்றன. கடற்கரையில் வெள்ளைக்காரன் காலத்துச் சண்டை, ரவுண்டானாவில் எங்கள் அப்பன்மார் காலத்துச் சண்டை, மலையடிவாரத்தில் எங்கள் புருஷன்மார் போன பனிமலைச் சண்டை. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதும், காலனியில் தாலியைக் கழற்றிவைத்த ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று கல்லையும் பார்த்துவரலாம் என்று கிளப்பிவிட்டவள் நான்தான். எந்த வண்டி எங்கே திரும்பும், எந்தப் படியில் ஏறினால் இடம் கிடைக்கும், எந்த ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்தால் சரியாக சீட்டில் போய் விழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. லாரி டிரைவர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாமல் இருக்குமா? ஆறு பேருக்கும் வழி காட்டியவள் நான். மூன்று கல்லில் எந்தக் கல்லிலும் தனக்கென்று ஒரு எழுத்துகூட இல்லாதவளும் நான்தான்.

என் புருஷன் ஏகாம்பரம் பட்டாள லாரி ஓட்டினார். பனிமலைச் சண்டை நடந்த ஆனி மாதத்தில், மேலே இருந்தவர்களுக்குக் கோதுமை மாவு ஏற்றிக்கொண்டு போனபோது வண்டி பள்ளத்தில் உருண்டது. பிறகு கல் வெட்டினார்கள். அதில் அவர் பெயர் இல்லை. கேட்கப் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்த ஒரு ஆள், “சண்டைல செத்தவங்க பேருதாம்மா கல்லுல வரும், இது விபத்து” என்றார். மாவு போய்ச் சேராமல் எவன் சண்டை போட்டிருப்பான் என்று கேட்டேன். அவர் ஃபைலைக் கட்டி நாடாவை முடிந்துவிட்டார்.

பெயர் என்றால் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டிய எழுத்துதான் வந்தது. முழ நீளத்தில், முன்னால் பதவியோடு, எழுத்துப் பள்ளத்தில் பூசிய பொன்வண்ணம் அப்படியே இருக்க, மழை நனைத்த கல் வாசனையோடு அது படியேறி வந்து, தன்னைச் சேர்ந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தது. ரெக்ஸின் சீட் அமுங்கியது. பிரேக் போட்டபோது முன்னால் சாய்ந்தது, கிளம்பியபோது பின்னால் சாய்ந்தது. மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலியில் இருந்து, திங்கட்கிழமை காலை ஆபீஸ் கூட்டத்தோடு திரும்பிப் போய்க் கல்லில் உட்கார்ந்துகொள்ளும். ஏன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்க வேறு விஷயம் இருந்தது.

“லேடீஸ் சீட்டுல ஜென்ட்ஸ் பேரு குந்தினுகீது, எய்ந்திரிக்கச் சொல்லுய்யா” என்று ஒருத்தி முதல் நாளே சண்டை பிடித்தாள். கண்டக்டர் தணிகாசலம் இருபது வருஷமாக அந்தத் தடத்தில் விசில் ஊதுகிறவர். “ஆம்பளைன்னா எய்ந்திரின்னு சொல்லலாம். எயுத்தப் பாத்து எப்பிடிமா சொல்றது?” என்றார். டிப்போவில் மூன்று நாள் கூட்டம் போட்டு, பெயர் என்பது ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல, மூட்டையும் அல்ல, மடியில் வைத்தால் கைக்குழந்தைக் கணக்கு, சீட்டில் வைத்தால் பெரிய ஆள் கணக்கு என்று எழுதி ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஊர் அடங்கிவிட்டது. பூக்காரி பெயருக்கென்று முழத்தில் பாதியாகச் சரம் தொடுக்க ஆரம்பித்தாள். காலேஜ் பிள்ளைகள் சுபேதார் என்று பார்த்தால் எழுந்து இடம் விட்டார்கள், சிப்பாய் என்று பார்த்தால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காலனியில் ஞாயிறு காலைகளில் ஐந்து வீட்டு வாசலில் ஐந்து பெயர்கள் வெயில் காய்ந்தன. ஆறாவது வீடு என் வீடு.

எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது? நல்ல வார்த்தை போட்டுச் சொல்ல நான் விரும்பவில்லை. எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான புஷ்பவல்லி தன் புருஷன் பெயருக்குத் தலை துவட்டுவதைப் பார்த்தால் எரிந்தது. தண்ணீர்த்தொட்டித் தெரு பிலோமினா, தன் புருஷன் ‘ஹவில்தார் எம். சூசைராஜ்’ என்ற பெயரை இடுப்பில் வைத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போவதைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. பிலோமி என்னைவிட மூன்று வயது சின்னவள். எனக்கு உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அவள் மேல்தான் அதிகமாக எரிந்தது, ஏனென்றால் அவள் கிட்டத்தில் இருந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் காதலர்கள் பெயர் கிறுக்கிவைக்கிற முன்சீட்டு முதுகில், கொண்டை ஊசியால் ‘லான்ஸ் நாயக் ஏகாம்பரம்’ என்று நானும் கீறிவைத்தேன். இரண்டு மாதம் அந்த வண்டியாகப் பார்த்து ஏறி, அந்த சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். அசையவில்லை. அதிகாரம் வெட்டின பெயர்தான் இறங்கும்போலிருக்கிறது. மூன்றாவது மாதம் புதுத் தகரம் அடித்துவிட்டார்கள். கடற்கரைக் கல்லில் இருந்து இறங்குகிற பழைய பெயர்களுக்குத்தான் கூப்பிட ஆள் இல்லையே, அதில் ஒன்றைத் தூக்கிக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். தூக்கியும் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்கள் ஜன்னலோரமாக டிப்போ வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போய்விட்டுத் திரும்புகிறவை. கையில் எடுத்தால் சருகுபோல இருந்தன. அழ ஆள் இல்லாத பெயருக்குக் கனமே இல்லை. எனக்குக் கனம் வேண்டியிருந்தது.

அந்தக் கனத்தைப் பற்றித்தான் மற்ற ஐந்து பேரும் மூக்கால் அழுதுகொண்டிருந்தார்கள். இடுப்பு விட்டுப்போகிறது, படியேற முடியவில்லை, குழவிக்கல்லைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று ஒரே புலம்பல். ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை, மலையடிவாரத்து நிறுத்தத்தில் நிற்கும்போது, பிலோமி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்களுக்கு என்னாக்கா, பாரமே கெடையாது. கையை வீசினு வரலாம், கையை வீசினு போலாம்.”

அவள் சூது இல்லாமல் சொன்னாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது.

வண்டி வந்தது. கோயில் திருவிழாக் கூட்டம், படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நான் கைக்குட்டையை எறிந்து, முட்டிமோதி ஏறி, பின்பக்கம் ஒரு சீட்டைப் பிடித்தேன். பிலோமிக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. இந்த ஊர் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவள் தன் பையை உட்கார்ந்திருக்கிறவள் மடியில் வைத்துவிடுவாள். முன்பின் தெரிந்தவளாக இருக்க வேண்டியதில்லை, கேட்கக்கூட வேண்டியதில்லை. சம்பளப் பை, சாப்பாட்டுக் கூடை, தாலிச்செயின் இருக்கிற மணிபர்ஸ், பால்குடிப் பிள்ளை, எல்லாம் மடிக்கு வரும். இறங்கும்போது வாங்கிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் மடியில் வைத்தது தொலைந்தது என்று அந்தத் தடத்தில் ஒரு புகார் கிடையாது. பிக்பாக்கெட் அடிக்கிறவன்கூட மடியில் இருக்கிற பையைத் தொடமாட்டான்.

“அக்கா, இவரைக் கொஞ்சம் புடிச்சிக்கோங்க” என்று பிலோமி சூசைராஜின் பெயரை என் மடியில் வைத்தாள்.

அப்பாடா, என்ன கனம்! தொடை இரண்டும் மரத்துப்போகிற கனம். புடவைக்கு மேலேயே கல்லின் குளிர்ச்சி தெரிந்தது. வண்டி குலுங்கியபோது அது என் வயிற்றில் சாய்ந்தது. இருபத்துச் சொச்சம் வருஷமாக என் மேல் எதுவும் சாய்ந்ததில்லை.

கூட்டம் பிலோமியை முன்பக்கம் நெட்டிக்கொண்டு போனது. அவளுடைய தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே என்னுடையது, பாலிடெக்னிக், வந்துவிடும். விசில் ஒன்று கேட்டது. நான் எழுந்தேன். மடியில் இருந்ததை மார்போடு அணைத்து, முந்தானையால் மூடி, பின்படியில் இறங்கினேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம், ஊரும் நம்பியிருக்கும். நான் மறக்கவில்லை. விசில் இரண்டு ஊதி வண்டி போனதைத் திரும்பிப் பார்க்காமல், நேரே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

ஏகாம்பரத்தின் வயர் நாற்காலியில் அதை உட்காரவைத்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ‘ஏங்க’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரலே எனக்குக் கூச்சமாக இருந்தது. லாரி கதை, கிளீனர் பையன் கதை, பெண் பார்க்க வந்த அன்று அவர் செருப்பு அறுந்த கதை எல்லாம் அதனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முகம் கொடுக்கவில்லை. எப்படித் திருப்பி வைத்தாலும், நான் அடுப்பங்கரைக்குப் போய் வருவதற்குள் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. ஞாயிறு காலை மாதா கோயில் மணி அடித்தது. அவ்வளவுதான், நாற்காலியில் இருந்து சறுக்கி இறங்கி, சிமென்ட் தரையில் கோடு கிழித்துக்கொண்டே போய்க் கதவில் முட்டி நின்றது. நான் ஓடிப்போய்க் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்து அதைத் திட்டினேன். “உனக்குத்தான் கல்லு கெடைச்சிதே, வாசல்ல வெயில் கெடைச்சிதே, பூவு கெடைச்சிதே, ஒரு நாள் இங்க இருந்தா கொறைஞ்சா பூடுவே?” என்று கேட்டேன்.

பூசை முடிந்து பிலோமி வந்தாள். தலையில் வெள்ளை முக்காடு, அழுது வீங்கிய முகம், மெழுகுவத்தி வாசனை. தணிகாசலம் வண்டியை டிப்போவில் போட்டு ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார், ரவுண்டானா நிறுத்தம் வரைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவள் என்னைச் சந்தேகப்பட்டு வரவில்லை. என்னிடம் அழத்தான் வந்தாள்.

“அக்கா, அவரை எங்க விட்டேன்னே ஞாபகம் வரல. உங்ககிட்ட குடுத்தேன்ல, நீங்க எறங்கறப்போ யாருகிட்ட…”

நான் எழுந்து பாதி திறந்த கதவு வழியாகப் பேசியவள், என் முதுகுக்குப் பின்னால் தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். நான் முந்திக்கொண்டேன்.

“ஆமா, நான்தான் எடுத்தாந்தேன். உனக்கு மாசாமாசம் வராரு. எனக்கு யாரு வரா? வயிறு எரிஞ்சிது, எடுத்தாந்துட்டேன்.”

“உங்களுக்கு வயிறு எரிஞ்சிதா?” என்றாள் பிலோமி. அவள் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. “உங்களுக்கா? இருபது வருஷத்துக்கு மேலா உங்களைப் பாத்து என் வயிறு எரிஞ்சிது தெரியுமாக்கா?”

“என்னப் பாத்தா? எங்கிட்ட என்னாடி இருக்குது?”

“பொட்டி வந்துச்சே. உங்க வாசலுக்குப் பொட்டி வந்துச்சு, தொறந்து காட்டினாங்க. எனக்கு ஒரு தந்தி, அப்புறம் கல்லு. அவரு இன்னும் அந்தப் பனிக்கு அடியிலதான் கெடக்குறாரு. உங்க வீட்டுச் சாவுல நான் பின்னாடி நின்னு எண்ணினு இருந்தேன், எத்தினி வாட்டி அவரு மூஞ்சியத் தொட்டீங்கன்னு. பதினேழு வாட்டி. இடது புருவத்துல கோதுமை மாவு ஒட்டினு இருந்துச்சு, அத முந்தானையால தொடைச்சீங்க. அன்னிக்கு உங்களைச் சபிச்சேன்க்கா. நல்லா இருக்கக் கூடாதுன்னு மாதாகிட்ட கேட்டேன்.”

அவள் குனிந்து பெயரைத் தூக்கினாள். தூக்கும்போது கை அதற்கு அடியில் தடவிக்கொண்டு போனது.

“ஒவ்வொரு வாட்டியும் தடவிப் பாக்குறேன். இதுக்குக் கீழ மூஞ்சி இருக்குதான்னு.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அந்த நேரத்தில் நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால்தான் அழகு. ஆனால் முதலில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். என்னைப் பார்த்தும் ஒருத்தி இத்தனை வருஷம் வயிறெரிந்திருக்கிறாள், என்னிடமும் பிறத்தியார் பொறாமைப்படுகிற மாதிரி ஒன்று இருந்திருக்கிறது என்று கேட்டதும், புது நகை போட்டுக்கொண்டவள் மாதிரி நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெட்கம் சாயங்காலம்தான் வந்தது. வந்தது போகவே இல்லை.

பிலோமி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஞாயிறு வெயிலில் என் வீட்டில் இருந்து பெயரைச் சுமந்துகொண்டு அவள் தெருவோடு போனதைக் காலனி முழுக்கப் பார்த்தது. போலீசுக்குப் போகவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை, என்னை யாரும் திட்டக்கூட இல்லை. ஊர் வேறு ஒன்று செய்தது. என் மடியில் பை வைப்பதை நிறுத்திவிட்டது.

எவ்வளவு பெரிய தண்டனை என்று பஸ்ஸில் போகாதவர்களுக்குப் புரியாது. மார்கழி, தை, மாசி, பங்குனி என்று மாதங்கள் போயின, வண்டி பிதுங்கிக்கொண்டுதான் போனது, கையில் பிள்ளையும் தோளில் பையுமாக ஒருத்தி என் முழங்காலை இடித்துக்கொண்டு நிற்பாள், நான் கையை நீட்டுவேன், அவள் பையை ஈரத் தரையில் வைத்துக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வாள், பிள்ளையை எனக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் என்னைத் தாண்டி நீட்டுவாள். இரண்டு பக்கத்து மடியிலும் பை மேல் பையாகக் குவிந்திருக்க, நடுவில் என் மடி மட்டும் அலம்பிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். சில்லறையும் டிக்கெட்டும்கூட என் கை வழியாகப் போகாமல் தலைக்கு மேலே போனது. தணிகாசலம் எனக்கு மட்டும் டிக்கெட்டைக் கையில் தராமல் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஐந்து பேரும் முன்பக்கம் ஏறினார்கள். நான் பின்பக்கம் ஏறினேன். ஆனாலும் ஒரு இரண்டாம் சனிக்கிழமைகூடப் போகாமல் இருந்ததில்லை. மூன்று கல்லையும் பார்த்தேன், பெயர்கள் இறங்குவதைப் பார்த்தேன், வயிறு எரிந்தது, வீட்டுக்கு வந்தேன்.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை, கோடை மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தத்தில் ஒதுங்கியவர்கள் எல்லாம் ஒரே வண்டியில் ஏறினார்கள். முன்படியில் ஏறிய பிலோமி கூட்டத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் சூசைராஜ். மழைத் தண்ணீர் எழுத்துப் பள்ளங்களில் தேங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் மடியைக் காட்டி, “இங்க வைம்மா” என்றாள். பிலோமி வைக்கவில்லை. ஒரு கையால் கம்பி, ஒரு கையால் பெயர், வண்டி ஒடித்துத் திரும்பிய இடத்தில் முட்டி மடங்கியது. நான் கையை நீட்டவில்லை, நீட்டி நீட்டி எனக்குக் கை அலுத்திருந்தது.

“புடிங்கக்கா” என்று அவளே என் மடியில் வைத்தாள்.

தணிகாசலம் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். அதே கனம், அதே குளிர்ச்சி. நான் முந்தானையால் மூடவில்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி இரண்டு கையையும் மேலே வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் பிலோமி என் காதருகே குனிந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? செத்தவங்க மூஞ்சி எப்பிடி இருக்கும்? சில்லுனு இருக்குமா?”

அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அது என்னுடையது, என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். தர மனசில்லை என்பதே உண்மை. மடியில் இருந்த பெயர் அசையாமல், முதல் தடவையாக என் பக்கம் திரும்பியிருந்தது.

“சில்லுனுதான் இருக்கும்” என்றேன். “ஆனா மொதல்ல நெத்தியத் தொடக் கூடாது பிலோமி. மொதல்ல தாடையத் தொடணும். ரெண்டு நாள் தாடி இருந்துச்சு, அது மட்டும் எப்பவும்போலச் சொரசொரன்னு…”

அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தன் தாடையில் வைத்துக்கொண்டாள். நான் தாடையில் இருந்து உதட்டுக்கு வந்தேன், உதட்டோரத்து வெடிப்புக்கு வந்தேன், மூக்குக்கு வந்தேன். முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். விசில் ஒன்று கேட்டது, வண்டி நின்றது.

“பாலிடெக்னிக்! எறங்குறவங்க எறங்கு!” என்று கத்திய தணிகாசலம் என்னைப் பார்த்தார். வண்டியே என்னைப் பார்த்தது.

நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் இடது புருவத்துக்கு வரவில்லை.